வெங்கச்சாங்கல்லுக்குள் எத்தனை கிராம்? கூடலூரில் ஒரு தண்ணீர்த் தராசு

4 கிராம் தங்கக் காசு ஒன்றை ஒரு வெள்ளை வெங்கச்சாங்கல்லோடு சேர்த்துக் கட்டித் தண்ணீரில் முக்கினேன். கணக்குப் போட்டால் 3.96 கிராம் தங்கம் என்று வந்தது. கல்லை உடைக்காமல், உருக்காமல், எடையை மட்டும் வைத்து உள்ளே இருக்கும் தங்கத்தை மதிப்பிடும் இந்த முறை வீட்டிலேயே ஒழுங்காக வேலை செய்கிறது என்று அன்றுதான் நம்பிக்கை வந்தது. அதே தராசு, அதே தண்ணீர், தாத்தாவின் கல்லில் 12 கிராம் தங்கம் என்றும் காட்டியது. அது தங்கமே இல்லை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் செய்து பார்க்க நினைப்பவர்களுக்குப் பயன்படும்.

நீலகிரி மாவட்டத்துக் கூடலூர், தேவாலா, பந்தலூர் பக்கத்தில் பல பழைய வீடுகளில் இப்படி ஒரு கல் இருக்கும். 1879 முதல் 1882 வரை இங்கே தங்க வேட்டை நடந்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்க நிபுணராக இருந்த பிரஃப் ஸ்மித்தை வரவழைத்து ஆய்வு செய்யச் சொன்னார்கள். அவர் 1880-இல் அறிக்கை கொடுத்தார். லண்டனில் கம்பெனிகள் முளைத்தன, காட்டுக்குள் இயந்திரங்கள் வந்தன. கல்லை அரைத்துப் பார்த்தபோது எதிர்பார்த்த தங்கம் கிடைக்கவில்லை. சில வருடங்களிலேயே எல்லாம் படுத்துவிட்டது, அப்புறம் தேயிலைதான். பாறைக்குள் நரம்பு நரம்பாக ஓடும் வெங்கச்சாங்கல் மட்டும் இன்னும் இருக்கிறது. அந்தப் பழைய சுரங்கங்களுக்குள் இறங்கிக் கல் எடுப்பது சட்டப்படி குற்றம். அதைவிட முக்கியம், மண் சரிந்து உள்ளேயே உயிர் போனவர்கள் உண்டு. தயவுசெய்து யாரும் போகாதீர்கள். நான் அளந்தவை எல்லாம் பல வருடங்களாக வீட்டு அலமாரியில் இருந்த கற்கள். தாத்தா எஸ்டேட்டில் வேலை பார்த்த காலத்தில், வாய்க்கால் வெட்டும்போது கிடைத்தவை என்று அம்மா சொல்வார்.

முறையின் அடிப்படை இதுதான்: தங்கத்தின் அடர்த்தி 19.3, அதாவது ஒரு சிசி (கன சென்டிமீட்டர், ஒரு மி.லி.) தங்கம் 19.3 கிராம் எடை. வெங்கச்சாங்கல், அதாவது குவார்ட்ஸ், 2.65. இவ்வளவு வித்தியாசம் இருப்பதால் கல்லின் எடையும் கன அளவும் சரியாகத் தெரிந்தால் போதும். கல் முழுக்க வெறும் குவார்ட்ஸாக இருந்தால் எவ்வளவு எடை இருக்க வேண்டுமோ, அதைவிட எவ்வளவு கூடுதலாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்தக் கூடுதலை 1.16-ஆல் (19.3-ஐ, 19.3-க்கும் 2.65-க்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்தால் வரும் எண்) பெருக்கினால் தங்கத்தின் எடை. எடை சுலபம். கன அளவில்தான் எல்லா வேலையும் இருக்கிறது.

முதலில் அளவு உருளையில் தண்ணீர் ஊற்றி, கல்லைப் போட்டு, மட்டம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தேன். இந்த வேலைக்கு அது உதவாது. கல் போகும் அளவுக்கு வாய் அகலமான உருளையில் கோடுகள் 2 மி.லி. இடைவெளியில்தான் இருக்கும், கண்ணால் பார்த்து 1 மி.லி. வரை சொல்லலாம். கன அளவில் 1 மி.லி. தவறினால் தங்கக் கணக்கு 3 கிராம் தவறும். மோதிரம் செய்யும் அளவுத் தங்கம் அந்தக் கோட்டின் தடிமனிலேயே காணாமல் போய்விடும்.

அதனால் தராசு வழிக்கு வந்தேன். 500 கிராம் வரை தாங்கும், 0.01 கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசு, 850 ரூபாய். தராசின் மேல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் முக்கால் வாசி தண்ணீர். இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கி, குறுக்கே ஒரு மரச் சட்டம். சட்டத்திலிருந்து தொங்கும் நூலில் கல். தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, கல் முழுவதும் மூழ்கும்படி, ஆனால் அடியையும் பக்கத்தையும் தொடாதபடி இறக்க வேண்டும். இப்போது தராசு காட்டுவது கல்லின் எடை அல்ல. கல் விலக்கிய தண்ணீரின் எடை. அதைத் தண்ணீரின் அடர்த்தியால் வகுத்தால் கல்லின் கன அளவு. 21 டிகிரி தண்ணீருக்கு 0.998 என்று எடுத்துக்கொண்டேன். 25 டிகிரி என்றால் 0.997. இந்தச் சின்ன வித்தியாசமும் 200 கிராம் கல்லில் கால் கிராம் தங்கமாகத் தெரியும். அதனால் 150 ரூபாய்க்கு ஒரு வெப்பமானி வாங்கினேன். அது தண்டச் செலவு இல்லை.

தையல் நூலில் கட்டித் தொங்கவிட்டபோது எண் நிற்கவே இல்லை. நூல் தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றிக்கொண்டே இருந்தது. தூண்டில் நரம்புக்கு மாறியதும் அந்தத் தொல்லை தீர்ந்தது. 0.2 மில்லிமீட்டர் நரம்பு, ஒரு சுருள் 40 ரூபாய். வெறும் நரம்பு வளையத்தைத் தண்ணீருக்குள் விட்டுவிட்டுத் தராசைப் பூஜ்யமாக்கினால் நரம்பின் கணக்கும் கழிந்துவிடும்.

அடுத்தது காற்று. ஜூலையில் எங்கள் ஊரில் அடிக்கும் காற்றுக்கும் மழைக்கும் ஜன்னலைச் சாத்தினாலும் தராசின் கடைசி இலக்கம் ஆடிக்கொண்டே இருந்தது. மர மேசையிலிருந்து சமையலறை சிமென்ட் மேடைக்கு மாற்றி, மூன்று பக்கமும் அட்டைப்பெட்டியால் மறைத்த பிறகுதான் நின்றது. தராசு சரியா என்று பார்க்க, தெரிந்த நகைக்கடைப் பத்தரிடம் 100 கிராம் எடைக்கல் இரவல் வாங்கினேன். 99.99 காட்டியது. போதும்.

இதையெல்லாம்விடப் பெரிய தொல்லை கல்லுக்குள் இருக்கும் காற்றுதான். வெங்கச்சாங்கல் பார்க்க வழுவழு என்று இருக்கும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் மயிரிழை வெடிப்புகளும் சின்னச் சின்னப் பொத்தல்களும் தெரியும். அதற்குள் சிக்கிய காற்று கல்லின் கன அளவைப் பெரிதாகக் காட்டி, தங்கத்தைக் குறைத்துவிடும். தங்கமே இல்லாத வெள்ளைக் கல்லுக்கு முதலில் 69.41 காட்டியது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல இறங்கியது. காற்று வெளியேறி, தண்ணீர் உள்ளே போகிறது என்று அர்த்தம். இதற்கு நல்ல வழி வேகவைப்பதுதான். பாத்திரத்தில் பச்சைத் தண்ணீர் ஊற்றி, கல்லைப் போட்டு, மெல்லச் சூடேற்றி, இருபது நிமிடம் கொதிக்கவிட்டு, அதே தண்ணீரிலேயே ஆறவிட வேண்டும். சூட்டோடு எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் போட்டால் கல் வெடிக்கும். ஆறிய பிறகு, காற்றுப் படாமல் ஈரத்தோடு அளவு டப்பாவுக்கு மாற்றினேன். அந்தத் தண்ணீரும் கொதித்து ஆறியதுதான், பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு விட்டது. குமிழி ஒட்டாது. இப்போது 69.05. ஐந்து நிமிடம் பார்த்தும் அசையவில்லை.

காய்ந்த எடையை இதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். மழைக்காலத்தில் இங்கே காய்ந்த கல் என்று எதுவும் கிடையாது. வாணலியில் மணல் பரப்பி, கல்லை அதில் புதைத்து, சிறு தீயில் ஒரு மணி நேரம் வைத்து, ஆறவிட்டு எடை போட்டேன். மறுபடி சூடாக்கி மறுபடி எடை போட்டபோது எண் மாறவில்லை என்றால் காய்ந்துவிட்டது என்று கணக்கு.

வெள்ளைக் கல்லின் எடை 182.46 கிராம். 69.05-ஐ 0.998-ஆல் வகுத்தால் 69.19 சிசி. அடர்த்தி 2.637. புத்தகத்தில் போட்டிருக்கும் 2.65 இல்லை. பால் வெள்ளைக் குவார்ட்ஸுக்குள் கண்ணுக்குத் தெரியாத திரவத் துளிகள் அடைபட்டிருக்கும். அதனால் அடர்த்தி கொஞ்சம் குறையும். தாத்தாவின் குவியலில் இருந்த மற்ற வெள்ளைத் துண்டுகளும் 2.61-க்கும் 2.64-க்கும் நடுவில்தான் வந்தன.

இந்தச் சின்ன வித்தியாசம் என்ன செய்யும் என்று தங்கக் காசு காட்டிக் கொடுத்தது. அரைப் பவுன், 22 காரட், 4.00 கிராம். வெள்ளைக் கல்லோடு அதை நரம்பில் கட்டி முக்கினேன். மொத்த எடை 186.46. தண்ணீரில் 69.29, அதாவது 69.43 சிசி. என் கல்லின் சொந்த அடர்த்தியான 2.637-ஐயும் 22 காரட்டுக்கு 17.8-ஐயும் வைத்துக் கணக்குப் போட்டபோதுதான் 3.96 வந்தது. அதே அளவுகளுக்குப் புத்தக எண் 2.65-ஐப் போட்டால் 2.90. ஒரு கிராமுக்கு மேல் காணோம்! தங்கத்தின் மாற்று, அதாவது சுத்தம், எவ்வளவு என்று எல்லோரும் கவலைப்படுகிறார்கள். இந்தக் கணக்கில் அது பெரிய விஷயமே இல்லை, கல்லின் அடர்த்திதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இந்த வேலை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த பாடம் இதுதான்.

அப்புறம் அளவைக் குறைத்துப் பார்த்தேன். காசுக்குப் பதிலாக அம்மாவின் பழைய தாலிக் குண்டு ஒன்று, 0.52 கிராம். ஒவ்வொரு தடவை அவிழ்த்துக் கட்டி முக்கும்போதும் வேறு விடை: 0.34, 0.61, 0.46. தராசில் 0.01 அசைந்தாலே தங்கத்தில் 0.03 அசையும், ஒரு குமிழி ஒட்டினால் போதும். ஆக, 200 கிராம் சுமாரான கல்லில் அரை கிராமுக்குக் கீழே இருக்கும் தங்கத்தை என் மேடையில் வைத்துச் சொல்ல முடியாது. சுரங்கத்தில் டன்னுக்கு 5 கிராம் கிடைத்தால் தோண்டலாம் என்பார்கள். அந்தக் கணக்கில் 200 கிராம் கல்லில் இருப்பது ஒரே ஒரு மில்லிகிராம். எனவே இந்த முறை தாதுக்கல்லுக்கானது அல்ல. கட்டியாகவோ இழையாகவோ தங்கம் கண்ணுக்குத் தெரியும் கல்லுக்கு மட்டும்தான்.

சரி, தாத்தாவின் கல். உள்ளங்கை அளவு, துரு ஏறிய பழுப்பு, நடுவில் மஞ்சள் மினுக்கம். எடை 214.38. தண்ணீரில் 77.12, அதாவது 77.27 சிசி. அடர்த்தி 2.774. வெள்ளைக் கல்லின் 2.637-ஐ வைத்துக் கணக்குப் போட்டால் 12.3 கிராம் தங்கம், ஒன்றரைப் பவுன்.

அம்மா எட்டிப் பார்த்து, "அப்பவே உங்க தாத்தா சொன்னாரு" என்றார். நானும் காகிதத்தை மறுபடி மறுபடி பார்த்தேன். கணக்கில் பிழை இல்லை. ஆனால் கணக்குக்குத் தெரிந்தது இரண்டே பொருள், குவார்ட்ஸும் தங்கமும். கல்லுக்குள் மூன்றாவதாக ஏதாவது இருந்தால் அதையும் தங்கத்தின் பேரிலேயே எழுதிவிடும்.

250 ரூபாய்க்கு வாங்கிய பத்து மடங்கு பூதக்கண்ணாடியில் அந்த மஞ்சளைப் பார்த்தேன். தகடு தகடாக உரியும் காக்காப்பொன் இல்லை. பக்கங்கள் நேராக, மூலைகள் கூர்மையாக, மேலே மெல்லிய கோடுகளோடு சின்னச் சின்னக் கட்டங்கள். தையல் ஊசியால் அழுத்தினேன். தங்கமாக இருந்தால் ஊசி பதிந்து குழி விழும், இது பொடிந்தது. குளியலறை ஓட்டின் பின்பக்கத்துச் சொரசொரப்பில் உரசினால் பச்சை கலந்த கறுப்புக் கோடு. தங்கம் மஞ்சளாகத்தான் கோடு போடும். இது பைரைட், இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம். அடர்த்தி 5. எங்கள் பக்கத்துப் பாறைகளில் நரம்பாக ஓடும் வெங்கச்சாங்கல்லில் இது நிறைய உண்டு.

கணக்கைத் திருப்பிப் போட்டேன். 12.3 கிராம் தங்கம் என்று காட்டிய கூடுதல் எடைக்கு 22.5 கிராம் பைரைட் இருந்தாலே போதும். கன அளவில் அது 4.5 சிசி, கல்லில் நூற்றுக்கு 6 பங்கு. உடைந்த முகத்தைப் பார்த்தால் அவ்வளவு பைரைட் தாராளமாகத் தெரிகிறது.

துருவின் பங்கு எவ்வளவு என்றும் தெரிந்துகொள்ள ஆசை. ஆக்சாலிக் அமிலப் பொடி கால் கிலோ, 90 ரூபாய். துருவைக் கரைக்கும், குவார்ட்ஸையும் தங்கத்தையும் பைரைட்டையும் விட்டுவிடும். இது விஷம், சமையலறைப் பக்கமே கொண்டுவரக் கூடாது. ரப்பர் கையுறை போட்டு, பின்கட்டில் மூடி போட்ட பிளாஸ்டிக் வாளியில் ஊறவைத்தேன். தண்ணீர் மஞ்சளாக மாற மாற மாற்றி, கடைசியில் கழிவில் சுண்ணாம்பு கலந்து வண்டலாக்கினேன். ஒரு வாரம் ஊறிய கல்லை வெறும் தண்ணீரில் பல முறை அலசி, காயவைத்து, மறுபடி அளந்தேன். எடை 211.20, தண்ணீரில் 76.32. கணக்கு இப்போது 11 கிராம் தங்கம் என்றது. துருவைக் கழுவியதிலேயே ஒரு கிராமுக்கு மேல் "தங்கம்" கரைந்து போய்விட்டது. தங்கம் ஆக்சாலிக் அமிலத்தில் கரையாது.

கடைசியாக ஒரு மூலையை உடைத்து, இரும்பு உரலில் தண்ணீர் விட்டு இடித்தேன். காய்ந்த நிலையில் இடிக்கவே கூடாது, குவார்ட்ஸ் தூசி நுரையீரலைக் கெடுக்கும். விளிம்பு உயர்ந்த தட்டில் அலசினால், அரிசியில் கல் அரிப்பதுபோல, கனமானது அடியில் தங்கும். தங்கியது பளபளக்கும் பைரைட் பொடியும் கறுப்பு மணலும். பூதக்கண்ணாடியில் ஒரு தங்கத் துகளும் தெரியவில்லை. பைரைட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவில் தங்கம் இருக்கலாம். அதை ஈயத்தோடு உருக்கிப் பிரித்துப் பார்க்கும் ஆய்வகத்தால்தான் சொல்ல முடியும். அம்மாவிடம் விளக்கிச் சொன்னேன். கல் மறுபடி அலமாரிக்குப் போய்விட்டது. மூலை உடைந்ததில்தான் அவருக்கு வருத்தம்.

இந்த விஷயம் எப்படியோ பரவி, எஸ்டேட் ஒன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், நெல்லிக்காயைவிடக் கொஞ்சம் பெரிய கல் ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தார். பழைய பங்களாவில் காகிதம் பறக்காமல் வைக்கப் பயன்பட்டதாம். வெள்ளைக் கல்லில் ஒரு பக்கம் மஞ்சள் இழை. ஊசி பதிந்தது, பொடியவில்லை. கோடு மஞ்சள். எனக்குக் கை லேசாக நடுங்கியது. இதை அமிலத்தில் போடவும் கூடாது, உடைக்கவும் கூடாது. இந்த முறை இருப்பதே இப்படிப்பட்ட கல்லுக்காகத்தான். வேகவைப்பதற்கு மட்டும் அனுமதி வாங்கிக்கொண்டேன்.

எடை 46.83. தண்ணீரில் 16.71, அதாவது 16.74 சிசி. அடர்த்தி 2.80. பூமியில் கிடைக்கும் தங்கத்தில் வெள்ளி கலந்திருக்கும் என்பதால் தங்கத்தின் அடர்த்தியை 17.1 என்றும், கல்லுக்கு என் வெள்ளைக் கல்லின் 2.637 என்றும் எடுத்துக்கொண்டேன். விடை 3.17 கிராம். சொக்கத் தங்கம் என்று 19.3 போட்டாலும் 3.10 தான். ஆனால் கல்லின் அடர்த்தி 2.62 என்றால் 3.5, 2.65 என்றால் 2.9. ஒரு மூலையில் பைரைட் புள்ளிகளும் தெரிந்தன; அவை கால் கிராம் வரை கூட்டிக் காட்டலாம். எல்லாம் சேர்த்து, 3 கிராம், அரை கிராம் முன்னே பின்னே என்று எழுதிக் கொடுத்தேன்.

"ஒரு பவுன் தேறும்னு நெனச்சேனே தம்பி" என்றார்.

"அரைப் பவுனுக்குக் கொஞ்சம் குறைவுதாங்க ஐயா. ஆனா இத உருக்கிடாதீங்க. இழையோட முழுசா இருக்கறதுதான் இதுக்கு மதிப்பு" என்றேன்.

மொத்தச் செலவு 1,380 ரூபாய். அடுத்த தடவை வரிசையை மாற்றுவேன். முதலில் பூதக்கண்ணாடி, ஊசி, ஓடு. இந்த மூன்றும் தேறிய கல்லுக்கு மட்டும்தான் தண்ணீர்த் தராசு. ஒவ்வொரு கல்லோடும் அதே பாறை நரம்பிலிருந்து உடைந்த, தங்கம் இல்லாத துண்டு ஒன்றையாவது கேட்டு வாங்கி, அதன் அடர்த்தியை முதலில் அளப்பேன். பெரியவரின் கல்லில் அரை கிராம் இழுபறி வந்தது பெரும்பாலும் அது இல்லாததால்தான். பங்களாத் தோட்டத்து ஓரத்தில் அதே நிறக் கற்கள் கிடந்ததாக அவருக்கு ஞாபகம். ஒரு துண்டாவது கிடைத்தால் எடுத்துவருகிறேன் என்றிருக்கிறார். ஜனவரியில் காற்று காய்ந்ததும் மறுபடி அளப்பதாக ஏற்பாடு. அதற்குள் 0.001 கிராம் காட்டும் தராசு ஒன்று யாரிடமாவது இரவல் கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.